சிவப்பு பழையது, பச்சை புதியது

மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். சௌக்கியமான்னு கேக்கணும். இந்தத் தடவை கேக்கல, மன்னிச்சுக்குங்க. போனைத்தான் கையில எடுத்தேன். பேசினா நான் கத்துவேன், நீங்க பதிலுக்குக் கத்துவீங்க, பக்கத்துல உங்க மருமக நிப்பா. நாலு மாசம் வயித்துல வச்சிருக்கற பொண்ணு காதுல இதெல்லாம் விழ வேண்டாம். அதனாலதான் எழுதுறேன்.

உங்க அறிக்கை நகல் படகு உரிமையாளர் சங்கத்துக்கு வந்துச்சு. அத்தனை பேர் நடுவுல செயலாளர் சத்தமா வாசிச்சார். புது வட்டத் தூண்டில் முள்ளால ஆமைக்கு ஒரு நன்மையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. வேற எந்தப் படகுக்காரனும் சோதனைக்கு ஒத்துக்காதப்போ, "சம்பந்தியம்மா கேக்குறாங்க"ன்னு என் படகைக் குடுத்தவன் நான். மைல் கணக்குல போற கயித்துல பழைய முள்ளு ஒண்ணு, புது முள்ளு ஒண்ணுன்னு என் ஆளுங்க சட்டைக்குப் பொத்தான் தைக்கற மாதிரி மாத்தி மாத்திக் கட்டினாங்க. சூரை மீன் ரெண்டுலயும் ஒரே மாதிரி மாட்டுச்சு, அதை நீங்களே ஒத்துக்கறீங்க. ஆனா ஆமை மட்டும் பாதி இதுல, பாதி அதுலயாம். காசைச் சுண்டிப் போட்டா வர்ற கணக்கு இது. இதுக்கு எதுக்கு ரெண்டு மாசம் கடலுக்குப் போகணும்?

ஏப்ரல் இருபதாம் தேதி மீன்வளக் குழு கூடுது. இந்த அறிக்கையை வச்சுத் தெற்குப் பக்கம் சூரை பிடிக்கற கடலைத் தூண்டில் படகுக்கெல்லாம் மூடப் போறாங்க. அது மூடினா என் ரெண்டு படகும் கரையில நின்னு துருப்பிடிக்கும். தெரிஞ்சுதான் எழுதினீங்களா?

இப்படிக்கு,
உங்க சம்பந்தி


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. உறையின் மேல் "சம்பந்தியம்மாவுக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். தபால் பிரிப்பவர் அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என் மேசையில் வைத்தார். இனி என் பதவியைப் போட்டு எழுதுங்கள். எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

தெரிந்துதான் எழுதினேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவேன், உங்களுக்கு வேண்டியதை அல்ல. சூரைக்குப் போடும் தூண்டிலில் ஆமையும் சுறாவும் கடல் பறவையும் மாட்டிச் சாவதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. வட்ட முள் பலன் தர வேண்டும் என்று உங்களைவிட நான் ஆசைப்பட்டேன். மற்ற கடல்களில் பலன் தந்திருக்கிறது; முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் பழைய முள் போல ஆமையின் தொண்டைக்குள் இறங்குவதில்லை. உங்கள் படகில் தரவில்லை என்றால் முள்ளைச் சந்தேகப்படுவதா, படகைச் சந்தேகப்படுவதா? உங்கள் ஆட்கள் அவசரத்தில் இரண்டையும் கலந்து கட்டியிருப்பார்கள். பொத்தானையும் அப்படித்தான் தைப்பார்கள் போலிருக்கிறது.

எந்த முள்ளில் எது மாட்டியது என்று எழுதிய பதிவாளன் என் மகன். படகில் அவனுக்கு நான் போட்ட விதி ஒன்றுதான்: கண்ணால் கண்டதை மட்டும் எழுது, படகுக்காரர் சொல்வதைக் கேட்டு எழுதாதே. அவன் அப்படித்தான் செய்திருப்பான். அவன் உங்கள் மாப்பிள்ளை என்பதை நான் மறைக்கவில்லை, முன்பே எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கினேன்.

மருமகள் நலம். உங்களைப் போலவே பதில் சொல்கிறாள்.

இப்படிக்கு,
முதுநிலை ஆராய்ச்சியாளர்


மார்ச் 14

முதுநிலை ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு,

போதுமா? உறையிலயும் அப்படியே போட்டிருக்கேன்.

உங்க கடிதம் வந்ததும் கேப்டனைக் கூப்பிட்டு வச்சுக் கேட்டேன். என்கூட இத்தனை வருஷமா இருக்கற மனுஷன், கோபமே வராதவர். முள்ளைக் கலந்து கட்டிட்டீங்களாமேன்னு கேட்டதும் தொப்பியைக் கழட்டி மேசையில வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டார். ஒரு முள்ளு மாறியிருந்தாலும் தன் கையை வெட்டிக்கறேன்னார். நான் அவரை நம்புறேன். உங்க காகிதத்தை நம்பல.

அவர் மாத்தினதா ஒண்ணே ஒண்ணு சொன்னார், அது ஒரு விஷயமே இல்ல. முள்ளு ஆமை வாய்க்குள்ள போயிடும், வெளிய தெரியாது, அதனால எந்த முள்ளுன்னு அடையாளத்துக்குக் கயித்து மேல ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டச் சொன்னீங்க. பழையதுக்குக் கறுப்பு, புதுசுக்கு வெள்ளை. கயிறு இழுக்கறது விடியறதுக்கு முன்னாடி. அந்த இருட்டுல கறுப்பு வளையம் யார் கண்ணுக்குத் தெரியும்? குளுகுளு அறையில உக்காந்து யோசிச்ச யோசனை. அதனால கேப்டன் முதல் நாளே எல்லாத்தையும் கழட்டிட்டு வேற மாட்டிட்டார். சிவப்பு பழையது, பச்சை புதியது. படகோட இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கடல்ல போறவனுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மறக்காத நிறம். உங்க பிள்ளைகிட்டயும் சொல்லிட்டுத்தான் செஞ்சார்.

ஆக, எங்க பக்கம் தப்பு இல்ல. அறிக்கையைத் திருத்துங்க.

சம்பந்தி


மார்ச் 18

சம்பந்தி அவர்களுக்கு,

யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

கறுப்பு, வெள்ளை என்று நான் எழுதிக் கொடுத்தது அழகுக்கு என்று நினைத்தீர்களா? ஒரு சோதனையில் எதையும், ஒரு நூலைக்கூட, கேட்காமல் மாற்றக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் கேப்டன் தலையாட்டினார். உங்களை மாதிரி ஆட்களோடு ஆராய்ச்சி செய்ய வந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

என் மகனிடம் சொன்னாராம். அவன் என்ன சொன்னான்? சரி என்றானா? அல்லது பேசாமல் இருந்தானா? அதை மட்டும் உங்கள் கேப்டனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவனிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உங்கள் பெண்ணிடமும் வேண்டாம்.


மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். வளையத்தோட நிறம் மாறினதுக்கு இவ்வளவு கோபமா? முள்ளைக் கலந்துட்டோம்னு நினைச்சப்போ கூட நீங்க இப்படி எழுதல, நக்கல்தான் பண்ணினீங்க. இதுல கையெழுத்தே போட மறந்திருக்கீங்க. எனக்குப் பொறி தட்டுச்சு.

கேப்டனைக் கேட்டேன். நிறம் மாத்தினதைச் சொன்னப்போ மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையாம், கடலைப் பாத்துட்டு நின்னாராம். ரெண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் எதிர்ல ஒரு கப்பல் வந்திருக்கு. சுக்கான் பிடிச்சவன் சும்மா பேச்சுக்கு, "பேனா மாப்ளே, அங்க தெரியறது சிவப்பா பச்சையா"ன்னு கேட்டிருக்கான். நம்ம ஆளுங்க அவருக்கு வச்ச பேர் அது, எந்நேரமும் எழுதிட்டே இருப்பாராம். மாப்பிள்ளை பச்சைன்னு சொல்லியிருக்கார். அது சிவப்பு. விளையாடுறார்னு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. கேப்டன் மட்டும் சிரிக்கல. மறுநாள் ஆமை வந்தப்போ பக்கத்துல போய், நான் வேணா நிறத்தைச் சொல்லட்டுமான்னு மெதுவாக் கேட்டிருக்கார். மாப்பிள்ளை வேண்டாம்னுட்டார். நீங்க சொன்னதை எழுதக் கூடாது, அது விதின்னு சொன்னாராம். இதை ஏன்யா என்கிட்ட சொல்லலைன்னு கேப்டனைக் கேட்டேன். வீட்டு மாப்பிள்ளை விஷயம், நான் எப்படிச் சொல்றதுன்னார்.

இப்ப எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. பழம் வாங்கப் போனா மாப்பிள்ளை ஒவ்வொண்ணையும் அமுக்கிப் பாத்துட்டு நிப்பார். எவ்வளவு பொறுப்பான பிள்ளைன்னு நான் நாலு பேர்கிட்ட பெருமையாச் சொன்னேன்.

பொண்ணு பாக்க வந்தப்போ உங்களை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பையனுக்கு உடம்புல ஏதாவது குறை உண்டான்னு. நீங்க என்ன சொன்னீங்க? "கண்ணாடி கூடப் போடமாட்டான்"னு சொன்னீங்க. என்ன சாமர்த்தியம். கண்ணைப் பத்தி நான் கேக்கவே இல்லையே, நீங்களா எதுக்குக் கண்ணை இழுத்தீங்க? அன்னைக்கு எனக்குப் புரியல.

மாப்பிள்ளைக்கு நிறம் தெரியாது. அதானே? இது பிறக்கப் போற குழந்தைக்கும் வருமா? பதில் வேணும். சுத்தி வளைக்காம எழுதுங்க.

சம்பந்தி


மார்ச் 29

சம்பந்தி அவர்களுக்கு,

ஆமாம்.

சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்று போலத் தெரியும். ஐந்து வயதில் மரத்தின் இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் அடித்துக் கொண்டுவந்து காட்டினான், அன்றைக்குத் தெரிந்தது. வெளியே சொல்லாதே என்று சொல்லி வளர்த்தேன். ஊருக்கு ஒன்று தெரிந்தால் அதையே பட்டப்பெயராக்கிச் சாகும்வரை கூப்பிடும். உங்கள் படகில் எழுதிக்கொண்டிருந்ததற்கே பெயர் வைத்துவிட்டார்கள். பதிவாளர் வேலைக்குக் கண் சோதனை என்பது சுவரில் மாட்டிய எழுத்துகளை வாசிப்பதோடு சரி. கறுப்பு, வெள்ளை இருந்தால் அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. அதனால்தான் கறுப்பு, வெள்ளை.

குழந்தை ஆணானால் வராது. பெண்ணானால் அவளுக்கு நிறம் தெரியும், ஆனால் அவள் பெறும் பிள்ளைக்கு வரலாம். என் அப்பாவுக்கு இருந்தது. எனக்கு இல்லை. என் மகனுக்கு இருக்கிறது. இப்போது புரிந்ததா, எந்த வழியாக வந்தது என்று? இதைப் பற்றி இனி கேட்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆமையையும் கயிற்றை அறுத்து விடுவதற்கு முன் அவன் படம் எடுத்திருக்கிறான். ஆமை வகை பிரிக்கும் உதவியாளரிடம் இருந்த படங்கள் அவை, நான் அதுவரை பார்த்ததில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். படத்தில் வளையத்தின் நிறம் பளிச்சென்று தெரிகிறது. பழைய முள்ளில் மாட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் புது முள்ளில் மாட்டியிருக்கிறது. வட்ட முள் பலன் தருகிறது. கடலை மூட வேண்டியதே இல்லை.

ஆனால் பதிவு ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னால் குழு காரணம் கேட்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் கேப்டன் ஒரு வாக்குமூலம் எழுதித் தரட்டும். வளையங்களை மாற்றியபோது சிவப்பு புதியது, பச்சை பழையது என்று பதிவாளரிடம் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், பாதிப் பயணத்தில்தான் திருத்திச் சொன்னதாகவும். பதிவு குழம்பியதற்குக் காரணம் கிடைத்துவிடும், படங்களை வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடலாம். கேட்காமல் வளையத்தை மாற்றியது அவர்தானே, முழுப் பொய்யும் அல்ல. ஒரு பருவம் படகேறத் தடை போடுவார்கள். ஒரு பருவம்தான். என் மகனுக்கு ஆயுளுக்கும் வேலை போகும். உங்கள் படகுகளுக்குக் கடல் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சம்மதம் இல்லையென்றால் அறிக்கை இருக்கிறபடியே போகும்.


ஏப்ரல் 8

அம்மா,

நீங்க கேட்ட காகிதம் இதோட இருக்கு.

ஒரு வாரமாத் தூங்கல. உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போடணும்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம் கரைக்குப் போய் ரெண்டு படகையும் பாத்தேன். முப்பது பேரோட சாப்பாடு அது. மாப்பிள்ளை முகமும் வந்துச்சு. நீங்க என்னை எங்க பிடிக்கணும்னு சரியாத் தெரிஞ்சு பிடிச்சிருக்கீங்க. ஆமைக்கு வட்ட முள்ளாம், எனக்கு நல்ல பழைய முள்ளாப் பாத்துப் போட்டீங்க, தொண்டைக்குள்ளயே இறங்கிடுச்சு.

கேப்டனைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மோட்டார், டீசல்னு என்னென்னவோ பேசினேன். கடைசியில நான் எழுதி வச்ச காகிதத்தை நீட்டினேன். அவர் முழுக்கப் படிச்சார். அந்த மனுஷன் சிவப்பையும் பச்சையையும் மாத்திச் சொன்னதா எழுதியிருக்கு. முப்பது வருஷம் கடல்ல ஓட்டினவர். இடம் எது, வலம் எதுன்னு தெரியாதவன்னு அவரையே ஒத்துக்கச் சொல்றோம். அவர் கேட்டது ஒண்ணுதான்: "மாப்பிள்ளைக்காகத்தானே?" நான் தலையை ஆட்டினேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். என் பொண்ணு ரெண்டு நாள் தங்க வந்திருந்தா. அவருக்கு டீ கொண்டுவந்து வச்சா. அவர் குடிக்கல.

உங்களுக்கு வேணும்கறது கிடைச்சாச்சு. இந்தக் காகிதத்தை எடுத்து நீட்டும்போது உங்க கை நடுங்கணும்னு வேண்டிக்கறேன். நடுங்காதுன்னும் தெரியும்.


ஏப்ரல் 22

சம்பந்தி அவர்களுக்கு,

என் கை நடுங்கவில்லை. குழுக் கூட்டத்தில் வாக்குமூலத்தைக் கொடுத்தேன், படங்களைக் காட்டினேன், தலைவர் திருப்தியாகத் தலையசைத்தார். எல்லாம் முடிந்திருக்கும். நீங்களும் அங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். வழக்கத்துக்காகப் பதிவாளரை எழுப்பி, கேப்டன் இப்படித்தான் மாற்றிச் சொன்னாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவனுக்கு என்ன கேடு?

"இல்ல சார். முதல் நாளே சரியாத்தான் சொன்னார். சிவப்பு பழையது, பச்சை புதியதுன்னு. எனக்குத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரியும்." இது யார் சொல்லிக் கொடுத்த பாடம்? அவ்வளவு நிதானமாக, ஒப்பித்த மாதிரி. வாக்குமூலம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. என்னிடமிருந்து தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே நீங்கள்தான். ஒரு வாரம் தூங்காமல் யோசித்து இந்த வழியைக் கண்டுபிடித்தீர்களா? ஒரே கல்லில் உங்கள் கேப்டன் தப்பித்தார், உங்கள் கடல் தப்பித்தது, நான் மட்டும் விழுந்தேன்.

படங்களை வெளியாட்கள் இருவர் பார்த்து, கணக்கு சரி என்றார்கள். வட்ட முள் மட்டும் என்ற நிபந்தனையோடு தெற்குக் கடல் திறந்தே இருக்கும். வாழ்த்துகள். அவனுடைய பதிவாளர் அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என் மேல் விசாரணை. என் அறைச் சாவியை நேற்று ஒப்படைத்தேன். நான் கண்டுபிடிக்க ஆசைப்பட்டதைக் கண்டுபிடித்துவிட்டேன், அந்த அறிக்கையில் என் பெயர் இருக்காது.

அதெல்லாம் இருக்கட்டும். அவன் கூட்டத்திலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். மருமகளும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. நான் அவனைப் பெற்றவள். அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தேன், உங்கள் படகுக்காகவா செய்தேன்? அவனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உங்களிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். அவன் என்ன சொல்கிறான் என்றாவது எழுதுங்கள்.


ஏப்ரல் 27

சம்பந்தியம்மாவுக்கு,

சாவி போனதுக்காக நான் வருத்தப்பட மாட்டேன். பொய் எழுத மாட்டேன், பழக்கமில்ல. ஒரு தடவை எழுத வச்சீங்க, அதோட போதும்.

மாப்பிள்ளைக்கு நான் சொல்லல. அவ்வளவு தைரியம் எனக்கு இருந்திருந்தா அந்தக் காகிதத்தையே நீட்டியிருக்க மாட்டேன். சொன்னது என் பொண்ணு. கேப்டன் டீயைக் குடிக்காமப் போனாரே, அந்த டம்ளரை எடுக்க வந்தவ மேசையில கிடந்ததைப் படிச்சுட்டா. நிற விஷயம் அவளுக்குக் கல்யாணமான முதல் மாசமே தெரியுமாம். துவைச்ச துணியைப் பிரிக்கும்போது கண்டுபிடிச்சாளாம். ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல. நான் கேட்டதுக்கு, "சொன்னா நீங்க கோபத்துல ஆடியிருப்பீங்க, அத்தை மறைச்சதுல தப்பே இல்லைன்னு ஆயிருக்கும்"னா. உங்களுக்குச் சாதகமா என் பொண்ணு வாயிலிருந்து வந்தது அது ஒண்ணுதான், வச்சுக்குங்க.

கேப்டனுக்கு எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. வேலைக்கு வந்தார். என்னைப் பாத்தா வணக்கம் வைக்கறார், முன்ன மாதிரி உக்காந்து பேசறதில்ல. அது எனக்குக் கிடைச்ச தண்டனை. மாப்பிள்ளை மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் இருந்துட்டு வந்தார். ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது.

நீங்க கேட்டதுக்காக, நேத்து சாப்பிட உக்காந்தப்போ அவர்கிட்ட சொன்னேன், அம்மா வரச் சொல்றாங்க, போனையாவது எடுங்கன்னு. அவர் கோபப்படல. கோபப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். தட்டையே பாத்துட்டு மெதுவாப் பேசினார். நான் எதையும் கூட்டல, குறைக்கல. காதால கேட்டதை அப்படியே எழுதுறேன்:

"அம்மா எனக்கு ரெண்டு விதிதான் சொல்லிக் குடுத்தாங்க மாமா. வெளியே சொல்லாதே. கண்ணால கண்டதை மட்டும் எழுது. படகுல ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சேன்."